வாத்தியம் கீதத்தைத் தொடரும்: பிடில் நம் ஸங்கீதத்துக்கு வந்த விதம்

உத்ஸவ தினங்களில் மாலை வேளையில் மண்டபத்தில் நடைபெறும் ஸங்கீதக் கச்சேரியைக் கேட்க வரும் அன்பர்களில் சிலர் ஒரு ஸந்தேகத்தை எழுப்புவதுண்டு. பாடும் வித்வானுக்கு இடப்புறம் அமர்ந்து வாசிக்கப்படும் பிடில் என்னும் வயலின் மேல்நாட்டாருடைய வாத்தியமாயிற்றே, கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களின் விருந்துகளில் ஒலித்த கருவி நம் ஸபையில் எவ்வாறு இடம் பெற்றது, அது முறைதானா என்பதே அந்த ஸந்தேகம். வேறு சிலர் இதற்கு நேர் எதிராக, பிடிலை ஏற்றுக்கொண்டவர்கள் ஹார்மோனியத்தை மட்டும் ஒதுக்கி வைத்தது பக்ஷபாதம் அல்லவா என்று கேட்பர். இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. அதனைச் சாஸ்திர வழியாகவும் சரித்திர வழியாகவும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாஸ்திரம் கூறும் வகுப்பு

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் வாத்தியங்களை நான்காக வகுக்கிறது. தந்தியினால் ஒலிப்பது ததம். தோலினால் மூடப்பெற்றது அவநத்தம். உலோகம் முதலிய கெட்டியான பொருள்களால் ஆன தாளக் கருவி கனம். காற்றினால் ஒலிப்பது ஸுஷிரம். இந்தப் பிரிவு முழுவதும் நாதம் உண்டாகும் முறையைப் பற்றியது. கருவி எந்தத் தேசத்தில் பிறந்தது, அதைச் செய்தவன் யார் என்னும் விசாரணைக்கு அங்கே இடமில்லை. ஆகவே பிடில் ததம் என்ற வகுப்பில் தானே வந்து சேர்ந்துவிடுகிறது. வில்லைக் கொண்டு தந்தியைத் தேய்த்து நாதம் எழுப்புவதும் நமக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியை ஆண்ட யாதவ மன்னன் ஸிங்கணனின் ஆதரவில் இருந்த சார்ங்கதேவர், தம்முடைய ஸங்கீத ரத்நாகரத்தில் வில்லால் வாசிக்கப்படும் பிநாகீ வீணையை வர்ணித்திருக்கிறார்.

அந்நூலில் இதைவிட முக்கியமான ஒரு நியமமும் காணப்படுகிறது. கீதம், வாத்தியம், நிருத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஸங்கீதம் எனப்படும். அம்மூன்றில் நிருத்தமானது வாத்தியத்தைப் பின்பற்றுவது, வாத்தியமோ கீதத்தைப் பின்பற்றுவது, ஆதலால் கீதமே பிரதானம் என்பது அவருடைய ஸித்தாந்தம். நாரதீய சிக்ஷையும் வீணை இருவகைப்படும் என்று கூறி, மரத்தால் ஆனதை தாரவீ என்றும், மனித சரீரமாகிய வீணையை காத்ர வீணை என்றும் பெயரிடுகிறது. கண்டத்திலிருந்து எழும் பாட்டே மூலம். மரத்தில் எழுவது அதன் பிரதிபிம்பம். ஒரு வாத்தியம் நம்முடையதா அன்றா என்று தீர்மானிக்க இந்த நியமமே உரைகல். கீதத்தைப் பின்பற்ற வல்லதாயின் அது நம்முடையது. பின்பற்ற இயலாததாயின், நம் ஊர்த் தச்சனே அதைச் செய்திருந்தாலும் பயனில்லை.

நம் கீதத்தைப் பின்பற்றுவதென்றால் ஸ்வரங்களை வரிசையாக ஒலித்தால் போதாது. கேட்போரின் சித்தத்துக்கு இன்பம் தருமாறு ஸ்வரத்தை அசைப்பதே கமகம் என்பர். ஸங்கீத ரத்நாகரம் திரிபம், ஸ்புரிதம், கம்பிதம், ஆந்தோளிதம் முதலாகப் பதினைந்து கமகங்களைக் கூறுகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடி, அந்த ஊசலிலேயே தோடியின் ஸ்வரூபத்தைக் காட்டுகிறது. அதே ஸ்வர ஸ்தானத்தை அசைவின்றி ஒலித்தால் ஸ்வரம் பிசகாது; ஆயினும் தோடி மறைந்து ஸிந்துபைரவியின் சாயை வந்துவிடும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு பிடிலின் கதையைக் காண்போம்.

மணலியிலிருந்து எட்டயபுரத்துக்கு

வயலின் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலி தேசத்தின் வடபகுதியில் உருவம் பெற்றது. அங்கே கிரெமோனா என்ற ஊரில் அமாத்தி குடும்பத்தாரும், அவர்களுக்குப் பின் ஸ்ட்ராடிவாரியும் (1644-1737) செய்த வயலின்கள் உலகப் பிரஸித்தி பெற்றவை. ஆங்கிலேயர்களுடன் சென்னைக் கோட்டைக்கும் இக்கருவி வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற பிரபு வாழ்ந்தார். கும்பெனியாரிடம் துபாஷியாகச் செல்வாக்குடன் விளங்கிய அவர், ஹம்ஸத்வனி ராகத்தைத் தந்த ராமஸ்வாமி தீக்ஷிதரைத் (1735-1817) தம் ஊருக்கு அழைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவருடைய குமாரர் சின்னையா முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். தீக்ஷிதரின் குமாரர்களில் மூத்தவர், மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதர். 1786-ல் பிறந்த பாலுஸ்வாமி தீக்ஷிதர் அவருடைய தம்பி. கோட்டையில் ஒலித்த பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு இச்சகோதரர்களுக்குக் கிடைத்தது. பாலுஸ்வாமிக்குப் பிடிலில் உண்டான ஆவலைக் கண்டு, முதலியார் ஐரோப்பியர் ஒருவரை அமர்த்தி மூன்றாண்டுகள் கற்பிக்கச் செய்தார். பாலுஸ்வாமியின் ஸ்வீகார புத்ரராக வளர்ந்த சுப்பராம தீக்ஷிதர், 1904-ல் எட்டயபுரத்தில் அச்சிடப்பெற்ற ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினியில் இந்த வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஓசையைக் கேட்டு இருவேறு காரியங்களைச் செய்தனர். முத்துஸ்வாமி தீக்ஷிதர் பாண்டு மெட்டுக்களை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு ஸம்ஸ்க்ருத ஸாஹித்யம் இயற்றினார். சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்த நோட்டு ஸ்வர ஸாஹித்யங்கள் எனப்படும் அவை நாற்பதளவில் உள்ளன. இங்கிலாந்து தேசீய கீதத்தின் மெட்டில் அமைந்ததும் அவற்றுள் ஒன்று. அங்கே சொல் நம்முடையது, மெட்டு அவர்களுடையது. தம்பியோ மெட்டை விட்டுக் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் நம் ராகங்களை வாசித்தார். நோட்டு ஸ்வரங்கள் இன்றும் குழந்தைகளுக்கு இனிய பாடங்களாக விளங்குகின்றன. ஆயினும் அந்த வழி அதற்குமேல் பெரிதாக நீளவில்லை. தம்பி தொடங்கிய வழியோ ராஜவீதியாக விரிந்தது. கருவியைக் கையில் எடுக்குமுன்பே பாட்டும் வீணையும் அவருக்கு ஸித்தித்திருந்தன என்பதை இங்கு மறத்தல் ஆகாது. ஐரோப்பிய ஆசிரியர் கற்பித்தது கருவியைப் பிடிக்கும் முறை. எதை வாசிப்பது என்பதைப் பாலுஸ்வாமி தம் தந்தையிடமே கற்றிருந்தார். பின்னர் எட்டயபுர ஸமஸ்தானத்தில் அவர் ஆஸ்தான வித்வானாக விளங்கினார்.

முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சிஷ்யர்களான தஞ்சை நால்வருள் இளையவர் வடிவேலு. 1810-ல் பிறந்த அவரும் பிடிலில் தேர்ச்சி பெற்றுத் திருவிதாங்கூர் ஸ்வாதித் திருநாள் மஹாராஜாவின் ஸபையை அலங்கரித்தார். மஹாராஜா 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்துக் கௌரவித்தார். திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் (1857-1913), மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை (1879-1931) ஆகியோரின் காலத்துக்குள் பிடில் இல்லாத கச்சேரி அபூர்வம் என்னும் நிலை வந்துவிட்டது.

மாறியவை நான்கு

வயலினின் மர உடல் ஏறக்குறைய ஐரோப்பாவில் உள்ளபடியே இன்றும் நம்மிடம் இருக்கிறது. மாறியவை வேறு. அவற்றை நான்காகக் கூறலாம்.

முதலாவது, ஸ்ருதி சேர்க்கும் முறை. மேல்நாட்டார் நான்கு தந்திகளையும் தாழ்ந்ததிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று அமைப்பர். ஒவ்வொரு தந்தியும் முந்தையதற்குப் பஞ்சமமாக, 3:2 என்ற விகிதத்தில் நிற்கும். அவர்களுடைய இசையில் ஒரே உருப்படிக்குள் ஆதார ஸ்வரம் இடம் மாறிக்கொண்டே செல்வதால், எந்த ஸ்வரத்துக்கும் கட்டுப்படாத இவ்வமைப்பு அவர்களுக்கு வசதியானது. நமக்கோ ஆதார ஷட்ஜம் கச்சேரி முடியும்வரை அசையாதது. ஆகவே நம் வித்வான்கள் மந்த்ர ஷட்ஜம், மந்த்ர பஞ்சமம், மத்ய ஷட்ஜம், மத்ய பஞ்சமம் என்று தந்திகளை அமைத்தனர். இதனால் விளைந்த நன்மைகள் இரண்டு. ஷட்ஜ பஞ்சமங்கள் திறந்த தந்திகளாக நிற்பதால், விரல் வேறிடத்தில் இருக்கும்போதும் அவை ஒத்ததிர்ந்து ஸ்ருதியைக் காக்கும். தாழ்ந்த இரு தந்திகளில் பழகிய விரலமைப்பே மேலிரு தந்திகளில் ஒரு ஸ்தாயி உயர்ந்து அப்படியே திரும்பி வரும். மேலும், ஏ என்ற ஸ்வரம் வினாடிக்கு 440 அசைவுகள் என்று மேல்நாட்டு மேடைகளில் நிர்ணயம் செய்திருப்பதுபோல் இங்கே இல்லை. பாடகரின் சாரீரத்துக்கேற்பப் பிடிலின் தந்திகள் தளர்த்தப்படும் அல்லது முறுக்கப்படும். பாடுபவர் கருவிக்காகத் தம் ஸ்ருதியை மாற்றிக்கொள்வதில்லை.

இரண்டாவது, இருக்கை. மேல்நாட்டார் கருவியை இடது தோளில் வைத்து முகவாயால் பற்றுவர், நின்றும் வாசிப்பர். முகவாய்க்கென்று தனிக்கட்டை அமைத்ததே 1820-ஐ ஒட்டி லூயி ஷ்போர் என்ற ஜெர்மானிய வித்வான் செய்த ஏற்பாடு. நம்மவர் தரையில் அமர்ந்து, கருவியின் அடிப்பாகத்தை இடது மார்பின் மேற்புறத்தில் சாய்த்து, சுருள் வடிவான அதன் தலையை வலது பாதத்தின் மேல் வைத்தனர். இது ஸபா மரியாதைக்காக மட்டும் செய்ததன்று. கருவி மார்பிலும் பாதத்திலுமாக இரண்டிடங்களில் உறுதியாக நிற்பதால், அதைத் தாங்கும் பாரம் இடக்கைக்கு முற்றும் நீங்கியது. அந்தக் கை தந்தியின் அடி முதல் நுனி வரை தடையின்றி வழுக்கிச் செல்லலாயிற்று.

மூன்றாவது, விரல். வழுக்கிச் செல்லும் அந்தக் கையே கமகத்துக்கு ஆதாரம். வீணையில் 24 மெட்டுக்கள் உண்டு. அங்கே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் உண்டாக்குவர். பிடிலின் பலகையில் மெட்டே இல்லை. தந்தியின் எந்த இடத்திலும் விரல் நிற்கலாம், எந்த இடத்துக்கும் நகரலாம். மேல்நாட்டு முறையில் நான்கு விரல்களும் தத்தம் ஸ்தானங்களில் பதிந்து நிற்கும். அவர்களும் விரலை நடுங்கச் செய்வதுண்டு. ஆனால் அது ஒரு ஸ்வரத்துக்கு மெருகிடும் சிறு நடுக்கம். நம் கம்பிதமோ ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததைத் தொட்டு மீளும் அளவான அசைவு. அதை நீக்கினால் ஸ்வரமே வேறாகிவிடும். ஆகவே நம்மவர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் முக்கியமாகக் கொண்டு தந்தியின்மேல் ஊர்ந்து செல்லும் புதிய கைமுறையை வகுத்தனர். ஜாரு என்னும் இழைவு அந்த விரல்களில் இயல்பாக வந்தமைந்தது.

நான்காவது, வில். வீணையில் மீட்டிய நாதம் சிறிது நேரத்தில் தேய்ந்து மறையும். வில் தந்தியின்மேல் நகரும்வரை பிடிலின் நாதம் குன்றாது. மூச்சுள்ளவரை நீளும் பாடகரின் கார்வைக்கு அது ஈடுகொடுக்கும். மேல்நாட்டில் வில்லைத் துள்ளவிட்டும் தெறிக்கவிட்டும் வாசிக்கும் வித்தைகள் பல உண்டு. நம்மவர் அவற்றை விலக்கி, ஒரு ஸங்கதி முழுவதையும் ஒரே வீச்சில் கொண்டுசெல்லும் நீண்ட வில்லையே போற்றினர். கீர்த்தனம் வாசிக்கையில் ஸாஹித்யத்தின் அக்ஷரங்கள் விழும் இடங்களை அனுஸரித்து வில் திரும்பும். துவாரம் வேங்கடஸ்வாமி நாயுடு (1893-1964) மேல்நாட்டு வில்லின் நாத சுத்தத்தைக் கற்றுணர்ந்து, அதனை நம் ராகங்களுக்குத் தொண்டு புரியச் செய்தவர்; பிடில் பக்க வாத்தியமாக மட்டுமன்றித் தனியாகவும் ஸபையை நிறைக்கும் என்பதை நிலைநாட்டியவர். 1941-ல் சென்னை ஸங்கீத வித்வத் ஸபை அவருக்கு ஸங்கீத கலாநிதி விருது அளித்தது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், மைசூர் சௌடையா (1895-1967) பெரிய கூட்டங்களுக்கும் ஒலி எட்டும்பொருட்டுத் தந்திகளை ஏழாகப் பெருக்கினார். அவர் நினைவாகப் பெங்களூரில் 1980-ல் எழுந்த மண்டபம் பிடிலின் வடிவிலேயே அமைந்திருக்கிறது.

வளையாத கருவி

இப்போது ஹார்மோனியத்தை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தோன்றிய இக்கருவியைக் காலால் மிதித்து, நாற்காலியில் அமர்ந்து வாசித்தனர். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் இதனைக் கையால் துருத்தி அசைக்கும் சிறு பெட்டியாக மாற்றித் தரையில் அமர்ந்து வாசிக்க ஏற்றதாக்கினார். இருக்கை நமதாயிற்று, நாதம் ஆகவில்லை. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் உலோக நாக்கு; ஒரு கட்டையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாமேயன்றி இடையே இழையும் மார்க்கம் இல்லை. அக்கட்டைகளும் ஸம அளவாகப் பிரிக்கப்பட்டவை. ஸ்தாயியை 1200 பங்காகக் கொண்டால், 5:4 என்ற இயற்கை விகிதத்தில் அமையும் அந்தர காந்தாரம் ஏறக்குறைய 386ஆம் பங்கில் நிற்கும்; ஸமமாகப் பிரித்த கட்டையிலோ 400ஆம் பங்கில் நிற்கும். தம்பூராவுடன் சேர்த்துக் கேட்கும் செவிக்கு இந்த பேதம் புலனாகும்.

இக்காரணங்களை முன்னிட்டே அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தை விலக்கியது. அத்தடை 1971-ல்தான் தளர்ந்தது. தடை மிகையா அன்றா என்பதில் பெரியோர்களிடையே அபிப்ராய பேதம் உண்டு. நாடக மேடையிலும் பஜனைக் கூடத்திலும் அக்கருவி செய்த சேவையை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் ராகம் பாடுகையில் ஹார்மோனியம் கீதத்தைப் பின்பற்றாமல் கீதத்தைத் தன் பின்னால் இழுத்துவிடும் என்பதே ஆக்ஷேபத்தின் ஸாரம். பிடிலை ஏற்றதும் ஹார்மோனியத்துக்குத் தயங்கியதும் ஒரே நியமத்தின் இரு முகங்கள். இரண்டும் ஐரோப்பாவில் பிறந்தவை. ஆதலால் தேசாபிமானம் இங்கே காரணமாகாது.

பின்னர் வந்தவை

இதே பரீக்ஷைக்கு உட்பட்டே பிற கருவிகளும் வந்தன. பாண்டு வாத்தியக் குழுவிலிருந்து வந்த கிளாரினெட் முதலில் சதிர் மேளத்தில் இடம்பெற்றது. நாகஸ்வர பாணியை அதில் கொண்டுவந்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008-ல் ஸங்கீத கலாநிதி விருது கிட்டியது. மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் உண்டு. இரட்டைத் தந்தியைச் சேர்த்து அசைத்துக் கமகம் காட்டுவது அரிது. மீட்டிய நாதமும் விரைவில் மறையும். பாலகொல்லில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014) மின்விசை மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்து அவ்விரண்டு குறைகளையும் தீர்த்தார். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் (1949-2019) மைசூர் அரண்மனைப் பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு வசமானார். அதன் விசைகளின் மூடிகளை மாற்றியமைத்து, பல்லாண்டு உழைப்பால் கமகங்களை வருவித்தார். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.ஸி. நடத்திய இசை விழாவில் அவர் வாசித்தபோது, மேல்நாட்டுக் கருவி நம் ராகங்களைச் சுமந்து மேல்நாட்டுக்கே திரும்பிச் சென்றது. இவர்கள் யாவரும் தமக்குக் கிடைத்த கருவியைக் கீதத்துக்காக வளைத்தவர்கள். கருவிக்கு எளிதானதை மட்டும் வாசித்துத் திருப்தியடைந்தவர் இவர்களில் ஒருவரும் இல்லை.

ஸந்நிதியில் நாகஸ்வரம், தவில், சங்கு, சேமக்கலம் ஆகியவற்றுக்குரிய இடம் ஸம்ப்ரதாயத்தால் ஏற்பட்டது. அதனைப் பிற கருவிகள் அபஹரிக்கவில்லை, அபஹரிக்கவும் தகாது. கச்சேரி மண்டபம் கீதத்துக்கு ஏற்பட்ட இடம். அங்கே கீதத்தைப் பின்பற்றும் வாத்தியம் எதுவாயினும் அமரலாம். தந்திக்கருவிகளில் தலைசிறந்த நம் வீணையும் மாறுதலுக்கு உட்பட்டதே. 24 மெட்டுக்களை அசையாமல் பதித்த அமைப்பு தஞ்சை ரகுநாத நாயக்கரின் (1600-1634) காலத்தது என்பர். ஆகவே மாறுதலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; யாருக்காக யார் மாறுகிறார் என்பதையே கவனிக்க வேண்டும்.

அன்பர்கள் கவனத்துக்கு

இந்த உத்ஸவத்தில் பிடில் கேட்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கச்சேரி தொடங்குமுன் பிடில் வித்வான் தம்பூராவுக்கும் பாடகருக்கும் இணங்கத் தந்திகளைத் திருத்தும் பொறுமையைக் கவனியுங்கள். ஆலாபனையில் பாடகர் இழைக்கும் ஸங்கதியை அடியொற்றி, ஒரு நொடி பின்தங்கி அதே வளைவில் விரல் செல்வதைக் காணுங்கள். பாடகர் நிறுத்திய பின் வித்வான் தனித்து அந்த ராகத்தை வாசிக்கும்போது, மரத்துக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் எழுவதுபோல் தோன்றுகிறதா என்று செவி கொடுங்கள். தோன்றுமாயின், பாலுஸ்வாமி தீக்ஷிதர் தொடங்கிய காரியம் உங்கள் முன் நிறைவேறுகிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இன்று பல இல்லங்களில் குழந்தைகள் மின்னணுக் கட்டைப் பலகையிலேயே ஸரளி வரிசையைத் தொடங்குகின்றனர். அதிலும் ஸ்வரத்தை வளைக்கும் சிறு சக்கரம் உண்டு. தேர்ந்த கைகள் அதனைக் கொண்டு கமகத்தை நெருங்கக்கூடும். ஆனால் தொடக்கத்திலேயே கட்டைகளை மட்டும் நம்பிய குழந்தைக்குக் காந்தாரம் என்பது ஒரு கட்டையாகவே மனத்தில் பதிந்துவிடும். பின்பு தோடியைக் கேட்கும்போது அதன் அசைவு அக்குழந்தைக்குப் பிழையாகத் தோன்றினும் வியப்பில்லை. ஆகவே கருவி எதுவாயினும் ஆகுக. முதலில் சிறிது காலமேனும் தம்பூராவின் முன் அமர்ந்து வாய்விட்டுப் பாடக் கற்பியுங்கள். காத்ர வீணையில் ராகம் படிந்த பின்னர் அக்குழந்தை கையில் எடுக்கும் கருவி, எந்தத் தேசத்ததாயினும், நம் கீதத்தைப் பின்தொடர்ந்து வரும்.